அரசர் கேட்ட ஜனங்கள்: வாசகர் கேள்வி, நம் பதில்

சென்ற இதழில், குர்ஆனில் வரும் இஸ்ரவேலரின் அரசர் தாலூத் மன்னரைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை வீட்டுக்கடன், வயிற்றுவலி, மருமகள் பிரச்சினை எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே விஷயத்தில் நிற்கிறோம். நபிமார் பெயர் வரும் இடத்திலெல்லாம் (அலை), அதாவது அவர்மேல் சாந்தி உண்டாகட்டும், என்று அச்சிட்டால் பக்கம் போதாது, வாசிக்கும்போது நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, நான் பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ரமதான் பயானில் (சொற்பொழிவில்) பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்கள், தாலூத் - ஜாலூத் வரலாற்றைச் சொன்னார்கள். மறுநாள் கூட வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் அதைச் சொன்னால், "அட, இது எங்க சவுல் ராஜா கதையாச்சே" என்கிறார். ஆனால் அவர் சொன்னதும் ஹஜ்ரத் சொன்னதும் பாதிதான் பொருந்துகிறது. இரண்டும் ஒன்றுதானா?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: ஒரே ஆள்தான் தம்பி. மூஸா நபிக்கு (பைபிளில் மோசே) பிறகு வந்த இஸ்ரவேலர்கள் தங்கள் நபியிடம் போய் எங்களுக்கு ஓர் அரசரை ஏற்படுத்துங்கள் என்று கேட்கிறார்கள், ஓர் அரசர் நியமிக்கப்படுகிறார், அவர் படையில் இருந்த தாவூத் (பைபிளில் தாவீது) எதிரிப் படையின் ஜாலூதை (பைபிளில் கோலியாத்) கொல்கிறார், பிறகு தாவூதே ஆட்சிக்கு வருகிறார். இந்த எலும்புக்கூடு இரண்டு வேதத்திலும் ஒன்று. குர்ஆன் இதை பகரா என்ற சூராவில் (அத்தியாயத்தில்) 246 முதல் 251 வரை ஆறே வசனங்களில் முடித்துவிடுகிறது. யூத வேதத்திலோ சாமுவேலின் முதல் புத்தகத்தில் 8-ஆம் அதிகாரத்தில் தொடங்கி 31-ஆம் அதிகாரம் வரை ஓடுகிறது. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வைத்திருப்பதும் அதே நூல்தான், அதனால் உங்கள் நண்பர் சொன்னதும் அங்கிருந்து வந்ததுதான்.

ஆறு வசனமும் 24 அதிகாரமும் வரிக்கு வரி பொருந்தாதுதான். ஆனால் நீளம் மட்டும் காரணம் இல்லை. சோதனை யாருக்கு வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் இரண்டும் பிரிகின்றன.

சாமுவேல் நூலில் அரசர் கேட்பதே ஒரு குற்றம் போலத் தொடங்குகிறது. மற்ற ஜாதிகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ராஜா வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். சாமுவேல் மனம் நொந்துபோகிறார். அவர்கள் உன்னைத் தள்ளவில்லை, என்னைத்தான் தள்ளிவிட்டார்கள் என்று கடவுளே சொல்கிறார். அப்புறம் சாமுவேல் ஜனங்களுக்கு ஒரு நீண்ட எச்சரிக்கை விடுகிறார். ராஜா வந்தால் உங்கள் பையன்களைத் தேருக்கும் குதிரைக்கும் பிடித்துக்கொண்டு போவான், பெண்பிள்ளைகளைச் சமையலுக்கும் ரொட்டி சுடவும் வாசனைத் தைலம் செய்யவும் எடுத்துக்கொள்வான், விளைச்சலில் பத்தில் ஒன்றை வாங்கிக்கொள்வான். (வரி பத்து விழுக்காடு மட்டும்தான் என்றால் நம்மில் பலர் கும்பிட்டு ஏற்றுக்கொள்வோம், அது வேறு விஷயம்.) அப்படியும் ஜனங்கள் கேட்கவில்லை. காணாமல்போன அப்பாவின் கழுதைகளைத் தேடிக்கொண்டு வந்த சவுல் என்ற பையன் அகப்படுகிறான். பென்யமீன் கோத்திரம், எல்லாரையும்விட ஒரு தலை உயரம், கூச்ச சுபாவம். மிஸ்பாவில் சீட்டுப்போட்டு அவன் பெயர் வந்தபோது ஆளைக் காணோம், மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டிருக்கிறான். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

அதற்குப் பிறகு நூலின் கண் முழுக்க சவுல் மேல்தான். கில்காலில் ஏழு நாள் சாமுவேலுக்காகக் காத்திருக்க வேண்டும், படை கலைந்துபோகிறதே என்று பயந்து தானே பலி செலுத்திவிடுகிறார். அமலேக்கியரை வென்றபோது எதையும் மிச்சம் வைக்காதே என்ற கட்டளை இருந்தும் நல்ல ஆடுமாடுகளையும் அவர்கள் அரசனையும் விட்டுவைக்கிறார். பலியைவிடக் கீழ்ப்படிதல் மேல் என்று சாமுவேல் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ஆட்சி கைநழுவுகிறது, தாவீது மேல் பொறாமை வருகிறது, கடைசியில் கில்போவா மலையில் தோற்றுத் தன் வாள்மேலேயே விழுந்து சாகிறார். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மனிதர் எப்படிச் சரிந்தார் என்பதுதான் அங்கே கதை.

குர்ஆனில் இதில் ஒன்றும் இல்லை. அரசர் கேட்டதற்காக யாரையும் திட்டவும் இல்லை. அந்த நபி (பெயர் சொல்லப்படவில்லை) கேட்பது ஒன்றே ஒன்று, போர் உங்கள்மேல் கடமையானால் போராடாமல் இருந்துவிடுவீர்களோ? அவர்கள் பதில் அழகாகத்தான் இருக்கிறது, வீடுகளிலிருந்தும் பிள்ளைகளிடமிருந்தும் துரத்தப்பட்ட நாங்கள் எப்படிப் போராடாமல் இருப்போம் என்கிறார்கள். கடமையானதும் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். தாலூத் பெயர் அறிவிக்கப்பட்டதும் அடுத்த முணுமுணுப்பு, அவருக்குச் செல்வமே இல்லையே, அவரைவிட நாங்கள்தானே தகுதி. அறிவிலும் உடலிலும் அவருக்கு இறைவன் அதிகம் கொடுத்திருக்கிறான் என்று பதில் வருகிறது. படை கிளம்பியதும் ஆற்றில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று ஒரு சோதனை, அதிலும் பெரும்பாலோர் தோற்கிறார்கள். ஆற்றைக் கடந்தவர்களிலும் ஒரு கூட்டம் இன்று ஜாலூதை எதிர்க்க எங்களுக்கு பலமில்லை என்கிறது. கடைசியில் மிஞ்சும் கொஞ்சம் பேர்தான், எத்தனையோ சிறு கூட்டம் பெருங்கூட்டத்தை வென்றிருக்கிறது என்று சொல்லி முன்னே போகிறார்கள்.

இந்த ஆறு வசனங்களில் தாலூத் ஒரு தப்பும் செய்யவில்லை. ஜனங்கள்தான் ஒவ்வொரு படியிலும் உதிர்கிறார்கள். சாமுவேல் நூல் அரசரைச் சோதிக்கிறது, குர்ஆன் அரசர் கேட்டவர்களைச் சோதிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமாக விளங்கிவிடும்.

ஏன் இப்படி என்றால், முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள் யார் என்று யோசியுங்கள். சூரா பகரா மதீனாவில் இறங்கியது. மக்காவில் வீட்டையும் சொத்தையும் விட்டு வந்த முஹாஜிர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், வீடுகளிலிருந்து துரத்தப்பட்டோம் என்ற வார்த்தை அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்! சாமுவேல் நூலோ, ஆய்வாளர்கள் பலர் சொல்வதுபடி, இன்றைய வடிவத்துக்கு வந்தது கிமு 586 வாக்கில் எருசலேம் வீழ்ந்து அரசாட்சியே போய்விட்ட காலத்தை ஒட்டி. ராஜாக்கள் இருந்தும் நமக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்டவர்களின் புத்தகம் அது.

கேள்வி: ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆற்றுத் தண்ணீர் சோதனை எங்கள் வேதாகமத்தில் கிதியோன் காலத்தில் நடந்தது. சவுலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குர்ஆனில் இரண்டு கதையும் கலந்துவிட்டதா?
(வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: கோபம் எதற்கம்மா, நியாயமான கேள்வி. நியாயாதிபதிகள் நூல் 7-ஆம் அதிகாரம். மீதியானியரை எதிர்க்க கிதியோனிடம் 32,000 பேர் சேர்கிறார்கள். இது அதிகம், இவர்கள் ஜெயித்தால் எங்கள் கையே எங்களைக் காப்பாற்றியது என்று பெருமை பேசுவார்கள் என்கிறார் கடவுள். பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னதும் 22,000 பேர் போய்விடுகிறார்கள். மிச்சம் 10,000. அவர்களைத் தண்ணீருக்கு அழைத்துப்போய், கையால் அள்ளி நக்கிக் குடித்தவர்களை ஒரு பக்கமும் முழங்காலிட்டுக் குனிந்து குடித்தவர்களை மறுபக்கமும் நிறுத்தச் சொல்கிறார். அள்ளிக் குடித்தவர்கள் 300 பேர். அவர்களை வைத்துத்தான் வெற்றி.

தாலூதின் ஆற்றில், குடிப்பவன் என்னைச் சேர்ந்தவன் அல்ல, ஒரு கை அள்ளிக்கொண்டவனைத் தவிர என்று முன்கூட்டியே கட்டளை சொல்லப்படுகிறது. கையால் அள்ளுவது இரண்டிலும் வருவதைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றியது மேற்கத்திய ஆய்வாளர்களுக்கும் தோன்றியிருக்கிறது, கிதியோன் கதை இடம் மாறி வந்துவிட்டது என்றே அவர்களில் பலர் எழுதுகிறார்கள். முஸ்லிம் அறிஞர்கள் அதை ஏற்பதில்லை, இது தாலூத் காலத்தில் நடந்த தனி நிகழ்ச்சி, முந்தைய நூலில் பதிவாகாதது என்பார்கள். நான் முஸ்லிம், என் நம்பிக்கை எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் நம்பிக்கையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வெறும் வாசகனாகப் பார்த்தாலும், கலந்துவிட்டது என்ற பதில் எனக்குப் போதவில்லை. கிதியோனின் வீரர்களுக்குத் தாங்கள் சோதிக்கப்படுவதே தெரியாது, குடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவர்கள் எதையும் மீறவும் இல்லை. ஆட்களைக் குறைப்பதுதான் அங்கே நோக்கம். தாலூதின் வீரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் குடித்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. சவுலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றீர்களே, சாமுவேல் நூல் 13, 14 அதிகாரங்களை இன்னொரு தடவை புரட்டுங்கள். சவுல் பொறுக்கியெடுத்த படை 3,000 பேர். எதிரிகளான பெலிஸ்தரைக் கண்டு குகையிலும் முள்செடியிலும் குழியிலும் ஒளிந்தவர்கள் போக அவரிடம் மிஞ்சியது சுமார் 600. அடுத்த அதிகாரத்தில் சவுல் தன் வீரர்களுக்கு ஒரு தடை போடுகிறார், சாயங்காலம்வரை எவனும் ஒன்றும் சாப்பிடக் கூடாது, சாப்பிடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று. காட்டில் தேன் ஒழுகிக்கொண்டிருக்கிறது, யாரும் தொடவில்லை, தடையைக் கேட்டிராத சவுலின் மகன் யோனத்தான் மட்டும் கோலின் நுனியைத் தேன்கூட்டில் தோய்த்து வாயில் வைத்துவிடுகிறான். ஆக, போருக்குப் போகும் படைக்கு வயிற்றில் ஒரு தடை, ஆள் கரைந்துபோகும் படை, இரண்டுமே சவுல் கதையிலும் இருக்கின்றன. சாமுவேல் நூலோ வழக்கம்போல அந்தத் தடையைப் போட்ட அரசரைத்தான் குறைசொல்கிறது. என் தகப்பன் நாட்டைக் கலக்கிவிட்டார் என்று மகனே சொல்கிறான்.

300 என்ற எண்ணுக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. முஹம்மது நபி காலத்து பத்ர் போரில் கலந்துகொண்ட நபித்தோழர்களின் எண்ணிக்கை, தாலூதோடு ஆற்றைக் கடந்தவர்களின் எண்ணிக்கைதான், முந்நூற்றுப் பத்துக்குச் சில பேர் அதிகம் என்று பராஉ இப்னு ஆஸிப் சொன்னதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. பத்ர் நடந்தது ஹிஜ்ரி 2, ரமதான் 17. நமக்கு இங்கே நுஸூல் குர்ஆன் (குர்ஆன் இறங்கிய நாள்) விடுமுறை வரும் அதே ரமதான் 17. அந்த நாளில் பள்ளிவாசலில் தாலூத் பேச்சு வருவது தற்செயல் இல்லை.

கேள்வி: பெட்டி பற்றியும் எழுதுங்கள். தாபூத் பெட்டியை மலக்குகள் (வானவர்கள்) சுமந்து வந்தார்கள் என்று ஓதியிருக்கிறேன். பைபிளில் மாட்டுவண்டியில் வந்ததாமே?
(வாசகர், ஆயர் ஈத்தாம்)

பதில்: சாமுவேல் நூலில் உடன்படிக்கைப் பெட்டியை (இஸ்ரவேலரின் புனிதப் பெட்டி, அதுதான் தாபூத்) பெலிஸ்தர் போரில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்கள் கோவிலில் வைத்தால் தாகோன் சிலை குப்புற விழுகிறது, ஊரில் நோய் பரவுகிறது. ஏழு மாதம் பொறுத்துவிட்டு, இரண்டு கறவைப் பசுக்கள் பூட்டிய புது வண்டியில் ஏற்றி ஓட்டுபவர் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டுத்தான் பூட்டியிருந்தார்கள், அப்படியும் பசுக்கள் கத்திக்கொண்டே நேராக இஸ்ரவேலர் எல்லைக்குப் போகின்றன. இதெல்லாம் சவுல் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. குர்ஆனில் பெட்டியின் வருகையே தாலூதின் ஆட்சிக்கு அடையாளம். அதில் இறைவனிடமிருந்து ஸகீனத் என்ற மன அமைதியும், மூஸா, ஹாரூன் குடும்பத்தார் விட்டுச்சென்ற எச்சங்களும் இருக்கும். பழைய தப்ஸீர்களை (குர்ஆன் விரிவுரைகளை) பார்த்தால் சிலை விழுந்ததும் வருகிறது, மாடுகளும் வருகின்றன, மாடுகளை ஓட்டிவந்தவர்கள் மலக்குகள் என்று இரண்டையும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஆலிம்கள் யூத அறிவிப்புகளை நன்றாகவே கேட்டு வைத்திருந்தார்கள்.

கேள்வி: அரசர் கேட்டதே தப்பு என்றால் யூதர்கள் ஏன் தாவீதின் வம்சத்திலிருந்து ஒரு ராஜா வருவார் என்று இன்றும் காத்திருக்கிறார்கள்? முரணாக இல்லையா?
(வாசகி, கிள்ளான்)

பதில்: இருக்கிறது. அவர்களும் அதைப் பல நூற்றாண்டாகப் பேசித் தீர்க்கவில்லை. தவ்ராத்திலேயே (மூஸா நபியின் வேதம், யூதர்களின் தோரா), உபாகமம் 17-ஆம் அதிகாரத்தில், அரசரை ஏற்படுத்தலாம் என்று இருக்கிறது, கூடவே கடிவாளமும் இருக்கிறது: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, பொன்னும் வெள்ளியும் குவிக்கக் கூடாது, சட்டத்தைத் தன் கைப்பட ஒரு பிரதி எடுத்துத் தினமும் வாசிக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டு மேதை மைமோனிடீஸ், அரசரை ஏற்படுத்துவது கட்டளை என்றே எடுத்துக்கொண்டார். ஜனங்கள் குறைபட்டுக்கொண்டு கேட்டார்கள், கட்டளையை நிறைவேற்றக் கேட்கவில்லை, தப்பு அங்கேதான் என்பது அவர் வாதம். 15-ஆம் நூற்றாண்டு அபர்பனேல் நேர் எதிர், அரசாட்சியே வேண்டாத வேலை, மனித பலவீனத்துக்குக் கொடுத்த இடம்தான் என்றார். இந்த அபர்பனேல் போர்ச்சுகல், ஸ்பெயின் மன்னர்களுக்கு நிதி பார்த்த ஆள், 1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அவரும் கிளம்ப வேண்டியதாயிற்று. ராஜாக்களை அத்தனை பக்கத்தில் பார்த்தவர் வேறு என்ன எழுதுவார்.

கேள்வி: இஸ்ரவேலர் வணங்கிய பொன் கன்றைச் செய்தது ஹாரூன் நபியா ஸாமிரியா? ஒரே வரியில் பதில் வேண்டும்.
(வாசகர், சுங்கை டுவா)

பதில்: யாத்திராகமம் 32-இல் ஆரோன், குர்ஆனின் தாஹா சூராவில் ஸாமிரி, அங்கே ஹாரூன் தடுக்கப் பார்த்தவர். ஒரே வரி முடிந்தது. இரண்டாவது வரி இலவசம்: நபிமார் இணைவைப்பில் விழமாட்டார்கள் என்பது இஸ்லாத்தின் அடித்தளம், அதனால் இதே மாதிரி வேறுபாடு சுலைமான் நபி (பைபிளில் சாலொமோன்) விஷயத்திலும் வரும். ராஜாக்கள் நூலில் வயதான காலத்தில் அந்நிய மனைவிகள் அவர் மனத்தைத் திருப்பிவிடுகிறார்கள், குர்ஆனோ சுலைமான் நிராகரிக்கவில்லை என்று நேரடியாகவே மறுக்கிறது.

கேள்வி: அண்ணா, நான் ஆசிரியை. தாவீது ராஜா பத்சேபாளை எடுத்துக்கொண்ட கதையைப் பைபிளில் படித்து அதிர்ந்துபோனேன். என் முஸ்லிம் தோழி, தாவூத் நபி அப்படிச் செய்யவே மாட்டார் என்கிறாள். ஆனால் 99 ஆடு கதை குர்ஆனிலும் இருக்கிறதாமே, அப்படியானால் அது எதற்கு?
(வாசகி, பாயான் லெப்பாஸ்)

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான் அம்மா, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில், தாவீது தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி நிறுத்திவிடுகிறார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு வழக்கு மாதிரி சொல்கிறார்: ஏராளமான ஆடுமாடு வைத்திருந்த பணக்காரன், விருந்தாளிக்குச் சமைக்க, ஏழை தன் மகளைப்போல வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து அறுத்துவிட்டான். அவன் சாக வேண்டியவன் என்று தாவீது கொதிக்கிறார். நீயே அந்த மனுஷன் என்கிறார் நாத்தான். ஒரு அரசரை அவர் அரண்மனையிலேயே நிற்கவைத்து இப்படிச் சொல்லும் காட்சி பழைய உலக இலக்கியத்தில் அதிகம் இல்லை. தாவீது சாக்குச் சொல்லாமல், பாவம் செய்தேன் என்கிறார்.

குர்ஆனில் சூரா ஸாத். இரண்டு பேர் தாவூத் நபியின் தொழுகை அறைக்குள் சுவரேறிக் குதிக்கிறார்கள், அவர் திடுக்கிட்டுப்போகிறார். ஒருவன் சொல்கிறான், இவன் என் சகோதரன், இவனிடம் 99 பெண்ணாடுகள், என்னிடம் ஒன்றே ஒன்று, அதையும் கொடு என்கிறான், பேச்சில் என்னை அடக்கிவிட்டான். உன் ஆட்டைக் கேட்டது அநியாயம் என்று தாவூத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகுதான் இது தனக்கு வந்த சோதனை என்று உறைக்கிறது, மன்னிப்புக் கேட்டுச் சுஜூதில் (சிரம் பணிந்து) விழுகிறார். அவரை மன்னித்ததைச் சொல்லிவிட்டு வரும் வசனம், தாவூதே, உம்மை பூமியில் கலீஃபாவாக (பிரதிநிதியாக) ஆக்கினோம், மக்களிடையே நியாயமாகத் தீர்ப்புச் செய்யும், மன இச்சையைப் பின்பற்றாதீர்.

இங்கே ஆடு அறுக்கப்படவில்லை, பெண் யாரும் இல்லை, உரியா பெயரும் இல்லை. அப்படியானால் எதற்காக மன்னிப்பு? மறுதரப்பை ஒரு வார்த்தை கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார், அதற்குத்தான் என்பது தப்ஸீர்களில் வரும் முக்கியமான ஒரு விளக்கம். எனக்கும் அதுதான் மனத்துக்குப் பொருந்துகிறது, ஏனென்றால் தொடர்ந்து வரும் வசனமே தீர்ப்பு பற்றித்தான் பேசுகிறது. சில பழைய விரிவுரைகளில் உரியா கதையும் நுழைந்திருக்கிறது, பிற்கால அறிஞர்கள் பலர் அதைக் கடுமையாகத் தள்ளிவிட்டார்கள்.

இப்போது உங்கள் தோழியிடம் ஒரு விஷயம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவாள். தாவீதுக்காக வக்காலத்து வாங்கியது முஸ்லிம்கள் மட்டும் இல்லை. யூத அறிஞர்களின் தல்மூத் நூலில் சப்பாத் என்ற பகுதியில், தாவீது பாவம் செய்தார் என்று சொல்பவர் தவறுகிறார் என்றே ஒரு ரப்பியின் (யூத மத குருவின்) கூற்று இருக்கிறது. தாவீதின் வீரர்கள் போருக்குப் போகும்போது மனைவிக்கு விவாகரத்துச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டுப் போவார்கள், ஆகவே அவள் அப்போது உரியாவின் மனைவியே அல்ல என்பது வாதம். வக்கீல் மூளை! அதைவிடப் பெரிய ஆச்சரியம் பைபிளுக்குள்ளேயே இருக்கிறது. நாளாகமம் என்ற நூல் தாவீதின் ஆட்சியை இன்னொரு முறை சொல்கிறது. தாவீது எருசலேமிலேயே தங்கிவிட்டார், படை அம்மோனியர் நாட்டுக்குப் போனது என்ற அதே வரி அங்கேயும் வருகிறது, ஆனால் பத்சேபாள் விவகாரம் ஒரு வார்த்தை இல்லை. சுலைமான் மனம் மாறியதும் அந்த நூலில் கிடையாது. ஆக, ஊருக்கு முன்னே நின்ற பெரியவரின் தப்பைச் சொல்வதா, மறைப்பதா, மாற்றி விளங்குவதா என்ற தகராறு யூதர்களுக்குள்ளேயே பழையது. குர்ஆன் ஒரு பக்கம், பைபிள் மறுபக்கம் என்று கோடு போட்டால் இது பிடிபடாது.

கேள்வி: கோலியாத்தின் உயரம் எவ்வளவு?
(மாணவர், ஜார்ஜ்டவுன்)

பதில்: இன்றைய எபிரெயப் பிரதியில் ஆறு முழமும் ஒரு சாணும், கிட்டத்தட்ட 3 மீட்டர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் சுருளிலும் நான்கு முழமும் ஒரு சாணும், அதாவது 2 மீட்டர் அளவு, நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரர். குர்ஆன் உயரம் சொல்லவில்லை, கவண்கல்லும் சொல்லவில்லை. தாவூத் ஜாலூதைக் கொன்றார், அவ்வளவுதான். இன்னும் ஒரு சிக்கல், சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 21-ஆம் அதிகாரத்தில் கோலியாத்தைக் கொன்றவர் எல்க்கானான் என்று ஒரு வசனம் இருக்கிறது. மேலே சொன்ன நாளாகமம் அதையும் சரிசெய்து, எல்க்கானான் கொன்றது கோலியாத்தின் சகோதரனை என்று எழுதிவிட்டது.

கேள்வி: கடவுள் அரசரைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அரபு, யூதக் கதைகளில்தானா? தமிழில் நமக்கு ஒன்றும் இல்லையா?
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: ஏன் இல்லை, நம்மிடம் யானை இருக்கிறதே. கழுமலத்தில் கட்டியிருந்த யானை கருவூருக்குப் போய்க் கரிகாலனைத் தேடிக் கொண்டுவந்ததைப் பழமொழி நானூறு சொல்கிறது. பெரிய புராணத்தில் மூர்த்தி நாயனார். மதுரையில் அரசன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, யானையின் கண்ணைக் கட்டி விடுகிறார்கள், அது கோவில் வாசலில் நின்ற, சந்தனக் கட்டை கிடைக்காமல் தன் முழங்கையையே தேய்த்த அந்த வணிகரைத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்கிறது. அவரும் முடி வேண்டாம், திருநீறும் உருத்திராக்கமும் சடைமுடியும் போதும் என்ற நிபந்தனையோடுதான் ஆள ஒப்புக்கொள்கிறார்.

சவுலுக்குச் சீட்டு விழுந்தது என்றதும் உங்களுக்கு உத்திரமேரூர் குடவோலை ஞாபகம் வரலாம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்க, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். ஆனால் பெயர் குடத்துக்குள் போவதற்கே தகுதி வேண்டும்: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வயது 35-லிருந்து 70, வேதப் படிப்பு. தண்ணீர் சுமந்தவர், தோல் பதனிட்டவர் என்று தப்ஸீர்களில் சொல்லப்படும் தாலூத் உத்திரமேரூரில் பிறந்திருந்தால் குடத்துக்குள்ளேயே போயிருக்க மாட்டார்! அவருக்குச் செல்வமே இல்லையே என்று முணுமுணுத்தவர்கள்தான் அங்கே விதியே எழுதியிருக்கிறார்கள். (கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது என்ற விதியை மட்டும் நான் இரண்டு கையால் ஏற்றுக்கொள்வேன்.)

ஒரு வேறுபாடு சொல்லாமல் விட முடியாது. யானை தூக்கிவிட்டால் நம் கதைகளில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சவுலுக்கும் தாலூதுக்கும் அப்படி இல்லை, பெயர் அறிவித்த உடனேயே முணுமுணுப்பு. இவனா நம்மைக் காப்பாற்றப்போகிறான் என்று சவுலைக் கேலிசெய்து காணிக்கை கொண்டுவராமல் போகிறது ஒரு கூட்டம். அவர் காதில் விழாததுபோல இருந்துவிடுகிறார்.

கேள்வி: பினாங்கில் யூதர்கள் இருந்தார்களா? தமிழர்களுக்கும் அவர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
(வாசகர், கெளுகோர்)

பதில்: இருந்தார்கள். பெரும்பாலும் பாக்தாத் வழி வந்த வணிகக் குடும்பங்கள். ஜாலான் ஜைனல் ஆபிடினில் அவர்கள் இடுகாடு இன்றும் இருக்கிறது, அந்தச் சாலைக்கு முன்பு பெயரே யஹூடி ரோடுதான். 1929-இல் நாகூர் ரோட்டில் ஒரு ஜெப ஆலயமும் இருந்தது, தொழ ஆள் இல்லாமல் 1976-இல் மூடிவிட்டார்கள். நாகூர் பெயர் கொண்ட தெருவில் யூதர் ஆலயம், பினாங்கில்தான் இது நடக்கும்.

தமிழ்த் தொடர்புக்குக் கொச்சி செப்பேட்டைப் பாருங்கள். கிபி 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவையும், பல்லக்கு, குடை உட்பட 72 உரிமைகளையும் வட்டெழுத்தில் எழுதிக்கொடுத்தார். பட்டயத்தில் அவர் பெயர் இஸ்ஸுப்பு இறப்பான். அவரைத் தேர்ந்தெடுத்தது சேரன்தான், ஆனால் கொச்சி யூதர்கள் பல நூற்றாண்டுக்குப் பிறகும் தங்கள் முதல் ராஜா என்றே அவரைப் பாட்டில் வைத்துப் பாடினார்கள்.

கேள்வி: தாலூத்துக்குக் கடைசியில் என்ன ஆனது என்று குர்ஆனில் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டையும் எந்த வரிசையில் படிப்பது?
(வாசகி, தைப்பிங்)

பதில்: கிடைக்காது, ஏனென்றால் இல்லை. தாவூத் ஜாலூதைக் கொன்றதும் வசனம் தாவூதுக்கு ஆட்சியும் ஞானமும் கொடுத்ததற்குப் போய்விடுகிறது, தாலூத் சத்தமில்லாமல் விலகிவிடுகிறார். தப்ஸீர்களில் அவர் தாவூத் மேல் பொறாமைப்பட்டார், பிறகு வருந்தினார் என்றெல்லாம் வரும், அவை சாமுவேல் நூலை ஒட்டியவை.

படிப்பதற்கு என் யோசனை: முதலில் பகரா 246-251. ஐந்து நிமிடம். பிறகு சாமுவேல் முதல் புத்தகம் 8-லிருந்து 17 வரை, நடுவில் நிறுத்தாமல். அப்புறம் நியாயாதிபதிகள் 7. கடைசியில் பகராவுக்குத் திரும்பி வாருங்கள், ஒவ்வொரு வசனத்திலும் பேசுவது அரசரா, நபியா, ஜனங்களா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள். குர்ஆன் பிரதியில் கிறுக்க மனம் வராதவர்கள் தனித்தாளில் எழுதிக்கொள்ளலாம்.